பெருந்தொற்றும் பயணச் சான்றும்: பிரித்தறிய வேண்டிய மூன்று வினாக்கள்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாளன்று, ஐரோப்பியப் பாராளுமன்றம் கோவிட் தொற்றுக்கென அமைத்த சிறப்புக் குழுவின் முன் பைசர் மருந்து நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் விடையளிக்க வந்தார். அந்நிறுவனத்தின் தடுப்பூசி, சந்தைக்கு வருமுன், நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதைத் தடுக்குமா என்று சோதிக்கப்பட்டதா என உறுப்பினர் ஒருவர் வினவினார். இல்லை என்பதே விடை. ‘நாங்கள் ஏமாற்றப்பட்டோம்’ என்றனர் ஒரு சாரார். ‘இதில் புதியது ஒன்றுமில்லை’ என்றனர் மற்றொரு சாரார். அன்று எழுந்த வழக்கு இன்றும் ஓயவில்லை.

இத்தகைய வழக்குகளில் எப்பக்கம் நிற்பது என்று ஆயர்கள் தீர்மானிக்குமுன், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று வினாக்களைத் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும். சோதிக்கப்பட்டது என்ன? அதைக்கொண்டு ஆட்சியாளர் விதித்தது என்ன? ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு?

1. சோதிக்கப்பட்டது என்ன?

2020இல் நடைபெற்ற பைசர் சோதனையில் ஏறத்தாழ 44,000 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்குத் தடுப்பூசியும், மறு பாதியினருக்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. நோய்க்குறிகளுடன் கோவிட் கண்டவர்கள் கணக்கிடப்பட்டனர். உப்புநீர் பெற்றோரில் 162 பேருக்கும் தடுப்பூசி பெற்றோரில் 8 பேருக்கும் நோய் கண்டது. 95 விழுக்காடு பயன் என்று சொல்லப்பட்டது இதனையே. பரவலைத் தடுக்குமா என்பது அச்சோதனையின் வினா அன்று. அதற்கான தரவு இன்னும் இல்லை என்பதை, 2020 டிசம்பரில் அவசர அனுமதி வழங்கியபோதே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எழுத்தில் வெளியிட்டது. ஆகவே, மறைத்து வைத்த உண்மை 2022இல் வெளிப்பட்டது என்பது சரியன்று.

பின்னர் வந்த ஆய்வுகள், தடுப்பூசி பெற்றோர் முதற்சில மாதங்களில் நோயைக் குறைவாகவே பரப்பினர் என்று காட்டின. ஆனால் டெல்டா, ஒமிக்ரான் வகைகள் தோன்றியபின் அப்பயன் வெகுவாகத் தேய்ந்தது. கடும் நோயினின்றும் சாவினின்றும் காக்கும் ஆற்றலோ நெடிது நிலைத்தது.

2. ஆட்சியாளர் விதித்தது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ் 2021 ஜூலை 1 முதல் 2023 ஜூன் 30 வரை நடைமுறையில் இருந்தது. தடுப்பூசி பெற்றமை, நோயிலிருந்து மீண்டமை, சோதனையில் தொற்றின்மை ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டினாலே போதும் என்பது அதன் அடிப்படை. இது நியாயமானதே. ஆயினும் பிரான்சு நாட்டில் 2022 ஜனவரி 24 முதல், உணவகங்களுக்கும் தொலைதூர இரயில்களுக்கும், தொற்றின்மையைக் காட்டும் சோதனை மட்டும் போதாது என்று விதிக்கப்பட்டது. தடுப்பூசி பரவலைத் தடுக்கும் ஆற்றல் மிகத் தாழ்ந்திருந்த வேளையில் விதி கடுமையாயிற்று! மக்களைத் தடுப்பூசிக்கு நெருக்குவதே நோக்கம் என்று ஆட்சியாளர் வெளிப்படையாகவே சொன்னனர். மார்ச் 14இல் அவ்விதி நிறுத்தப்பட்டது. பன்னாட்டுப் பயணத்திற்குத் தடுப்பூசிச் சான்றையே ஒரே வழியாக்க வேண்டாம் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் அவசரக் குழு 2022 ஜனவரி 19இல் அறிவுறுத்தியதையும் இங்கு நினைவுகூரலாம்.

தென்னாப்பிரிக்கா கண்டது மற்றொரு அநீதி. ஒமிக்ரான் வகையைக் கண்டறிந்து 2021 நவம்பர் 24இல் உலகுக்கு அறிவித்தது அந்நாடு. சில நாள்களுக்குள் பல நாடுகள் தென் ஆப்பிரிக்கப் பகுதி மக்களுக்குக் கதவடைத்தன. அதற்கு முன்னரே அவ்வகை நெதர்லாந்தில் இருந்ததென்பது பின்னர் தெரியவந்தது. உண்மை உரைத்தவர் மீதே தண்டனை விழுந்தது.

3. ஆதாயம் யாருக்கு?

பைசர் நிறுவனம் 2021, 2022 ஆகிய இரண்டாண்டுகளிலும் இத்தடுப்பூசியால் ஆண்டுக்கு 3,600 கோடி டாலருக்கு மேல் வருவாய் பெற்றது. அதனை உருவாக்கிய பயோன்டெக் நிறுவனத்திற்கு ஜெர்மானிய அரசு பொதுப்பணத்திலிருந்து உதவியிருந்தது. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துமாறு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பைக் கேட்டன. குறுகிய அளவில் ஒரு முடிவு கிடைத்தது 2022 ஜூனில். மேலும், ஐரோப்பிய ஆணையம் நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களைப் பல பகுதிகளை மறைத்தே வெளியிட்டது. அதனைப் போதிய விளக்கமின்றிச் செய்தது தவறு என்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. நிறுவனத்தைக் குறைகூற வேண்டிய இடம் இதுவே. மருந்து நற்பயன் தந்தது. அதன் விலையும் உடன்படிக்கையும் இருளில் இருந்தன.

திருமறை காட்டும் நெறி

தொற்று கண்டவரை விலக்கி வைத்தல் திருமறைக்கு அந்நியமன்று. ஆனால் லேவியராகமம் 13இல் ஆசாரியன் ஐயத்தின்பேரில் எவரையும் தள்ளிவிடுவதில்லை, தானே பார்க்கிறான், ஏழு நாள் அடைத்து வைத்து மீண்டும் பார்க்கிறான். 14ஆம் அதிகாரத்தில் நலமடைந்தவனைக் காணப் பாளையத்திற்கு வெளியே போகிறவனும் அவனே. இங்கு மூன்று அளவுகோல்கள் உள. கட்டுப்பாட்டிற்குச் சோதித்தறிந்த ஆதாரம் வேண்டும். அதற்குக் கால எல்லை வேண்டும். திரும்பி வரும் வழி திறந்திருக்க வேண்டும். ஒரு விதியை எதிர்ப்பதாயினும் ஆதரிப்பதாயினும் இவற்றைக் கொண்டே நாம் அளக்கலாம். வணிகரின் படியையும் தராசையும் குறித்து ஆமோஸ் 8இல் தீர்க்கர் பேசுவதும் மருந்துச் சந்தைக்குப் புறம்பானதன்று.

பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கட்டளை இரு சாராரையும் கட்டுகிறது. அறிந்ததற்கு மேல் வாக்களித்த ஆட்சியாளர் அதை மீறினர். தடுப்பூசியே வஞ்சகம் என்று பரப்பியோரும் மீறினர். இதன் விளைவு வெறும் சொற்போர் அன்று. ஒருமுறை நம்பிக்கை இழந்த தாய், நாளை தன் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியையும் மறுக்கக்கூடும். அத்தாய் முதலில் நாடி வருவது மருத்துவரிடமாயிராமல், தன் ஆயரிடமாயிருக்கலாம். அவ்வேளையில் ‘இவ்வளவே அறிவோம், இதற்கு மேல் அறியோம்’ என்று அளந்து சொல்லக் கற்றிருப்பது நம் திருப்பணியின் ஒரு கூறு என்பதை இறையியல் மாணவர் உணர்வாராக.