முதுகுத்தண்டுக் குறுக்கம்: கத்தி வைக்காமல் சமாளிக்க முடியுமா?

அறுபதைத் தாண்டிய நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்வது கேட்க விசித்திரமாக இருக்கும். "நிக்க முடியலை, நடக்க முடியலை, உட்கார்ந்தா ஒண்ணுமே இல்லை" என்பார்கள். டில்லி ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போனால், கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்தபடி படி ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் கால் கெஞ்சும். தெருவில் வெறுங்கையோடு நூறடி நடக்க முடியாதவர், பெரிய கடையில் தள்ளுவண்டி மேல் சாய்ந்துகொண்டு கடை முழுக்கச் சுற்றி வருவார். "வேணும்னா நடக்கிறாங்க, வேண்டாம்னா வலிங்கிறாங்க" என்று வீட்டில் முணுமுணுப்பும் எழும். பாவம், அது பாசாங்கு இல்லை. இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்குள் இருக்கும் பாதை குறுகிப்போனதன் அடையாளமே அதுதான். டாக்டர்கள் இதை லம்பார் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். ஹாலந்து நாட்டு நரம்பியல் அறுவை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954ல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். அதன் பிறகே மருத்துவ உலகம் இதைச் சரியாகக் கவனித்தது.

உள்ளே நடப்பது இதுதான். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப் பைக்கும் போகிற நரம்புகள் குதிரை வால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. வயது ஏற ஏற முன்பக்கம் டிஸ்க் வற்றிப் பிதுங்குகிறது. பின்பக்க மூட்டுகள் தடிக்கின்றன. எலும்புகளைப் பிணைக்கும் மஞ்சள் தசைநார் தடித்து உள்பக்கம் மடிகிறது. முன்பின்னாக 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டிய பாதை 10 மி.மீ.க்கும் கீழே போனால் கடுமையான குறுக்கம் என்பார்கள். நிமிர்ந்தால் இந்த இடம் இன்னும் இறுகும், குனிந்தால் சற்றே திறக்கும். நடக்கும்போது நரம்புகளுக்கு ரத்தம் அதிகம் வேண்டும். நெருக்கடியில் அது கிடைக்காமல் கால் கனத்து மரத்துப்போகிறது.

நம்மைப் போல் வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அம்மா தமிழில் "கனக்குது, மரத்துப்போகுது, குறுகுறுங்குது, இழுக்குது" என்று நாலு விதமாகச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை டாக்டரிடம் எல்லாவற்றையும் சேர்த்து "தர்த்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான பாதி விவரம் அங்கேயே போய்விடுகிறது! மரத்துப்போவதற்கு இந்தியில் "சுன்", கனப்பதற்கு "பாரி". இந்த இரண்டு சொற்களையாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷம் நடந்தால் வருகிறது, நின்றால் போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

ஏனென்றால் கால்வலி எல்லாமே முதுகிலிருந்து வருவதில்லை. புகைபிடித்தவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும் நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே அடங்கும், ஏற்றத்தில் அதிகமாகும். ஸ்டெனோசிஸ் வலி நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். பாதத்தில் ராத்திரி பகல் பாராமல் எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறாக இருக்கலாம். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவாலும் வரும். முட்டித் தேய்மானத்திலும் படி இறங்கும்போது வலிக்கும், அந்த வலி முட்டியிலேயே இருக்கும். சிலருக்கு இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகவே இருந்து தொலைக்கும்.

அடுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதில் "கடுமையான குறுக்கம்" என்று படித்த கணமே குடும்பம் ஆடிப்போய்விடுகிறது. அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 67 பேரைப் படமெடுத்துப் பார்த்து 1990ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறுக்கம் தெரிந்தது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள்! மிதமான தொல்லை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை பெரிதாக மோசமாவதில்லை என்பதும் அனுபவம். படத்திலுள்ள மில்லிமீட்டரைவிட, இவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதே முக்கியம்.

கத்தி வைக்காத சிகிச்சை எதுவும் எலும்புப் பாதையை அகலப்படுத்தாது. இழுவை மெஷின், பத்து நாள் பேக்கேஜ் என்று விளம்பரம் செய்கிறவர்கள் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் தசைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. ஆனால் இருக்கிற இடத்துக்குள் நரம்பு நெரியாமல் வாழப் பழகிக்கொள்ள முடியும். அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

பயிற்சியில் முதலாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை ஒவ்வொன்றாக மார்புப் பக்கம் இழுத்துச் சில விநாடி பிடிப்பது. இரண்டாவது, வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துவது. பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டு தினமும் செய்ய வேண்டும். எலும்பு மெலிவு உள்ளவர்கள் குனியும் பயிற்சிகளைக் கேட்காமல் செய்யக் கூடாது, முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் இந்த நோய்க்கென்றே செய்தது போல. முன்னால் சாய்ந்து மிதிப்பதால் கால் உழைக்கும், நரம்பு நெரியாது. யோகா வகுப்பில் புஜங்காசனம், தனுராசனம், சூரிய நமஸ்காரத்தில் பின்னால் வளைவது போன்றவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். "எல்லோரும் செய்றாங்களே" என்ற வாதம் இங்கே செல்லாது.

நடையை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் தசை வற்றி, எடை ஏறி, சர்க்கரையும் ஏறும். ஐந்து நிமிஷத்தில் கால் கனக்கும் என்றால் நாலாவது நிமிஷமே உட்கார வேண்டும்; ஓய்வெடுத்துவிட்டு மறுபடி நாலு நிமிஷம். பெஞ்சு உள்ள பூங்கா நல்லது. டில்லிக் குளிரிலும் புகைமூட்டத்திலும் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். கோயிலில் பிரதட்சிணத்தை மூன்றாகப் பிரித்துச் சுற்றினால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சமையலறையில் நிற்கும்போது ஒரு காலைச் சின்ன ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டால் இடுப்பு சற்று வளைந்து கொடுக்கும். டப்பாக்களை மேல் அலமாரியிலிருந்து கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கிவிடுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டிக்கு வெட்கப்படுகிற பெரியவர்கள் வெளியே போவதையே விட்டுவிடுகிறார்கள். வெட்கம்தான் முதலில் போக வேண்டும்.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். கேபாபென்டின் வகைகள் வயதானவர்களுக்குத் தலைசுற்றல் கொடுத்துக் கீழே தள்ளிவிடக்கூடும். இந்த நோயில் பலனும் சொற்பமே. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். 400 பேரிடம் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, மரக்கச் செய்யும் மருந்தை மட்டும் போட்டதைவிட ஸ்டீராய்டு சேர்த்ததில் பெரிய லாபம் தெரியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை எகிறும்.

அறுவை வேண்டவே வேண்டாம் என்பதல்ல இதற்கு அர்த்தம். 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவைக்குச் சம்மதித்த 169 பேரில் ஒரு சாராரை அறுவைக்கும் மற்றவர்களைப் பிசியோதெரபிக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு சாராரின் நடமாட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஆனால் பயிற்சிக்குப் போனவர்களில் பாதிக்கு மேல் இடையில் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்று மாதம், ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார் என்றால் அறுவை பற்றிப் பேச வேண்டியதுதான். முயன்று பார்த்த மாதங்கள் பொதுவாக வீணாவதில்லை, அதற்குள் காரியம் கெட்டுப்போவது அபூர்வம்.

அந்த அபூர்வத்தை மட்டும் வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறுக்கம் கழுத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே நெரிவது தண்டுவடமே. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கோலத்தின் இழை கோணுவது, நடை தள்ளாடுவது போன்றவை தெரிந்தால், மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும்.