ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு: பழைய சண்டை விளையாட்டுகளின் மறுவருகை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு என்பது ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2018ஆம் ஆண்டு மே 29 அன்று வெளியிட்ட வீடியோ கேம் தொகுப்பு ஆகும். 1987 முதல் 1999 வரை ஆர்கேட் பெட்டிகளுக்காக உருவான 12 இருபரிமாணச் சண்டை விளையாட்டுகள் இதில் உள்ளன. டிஜிட்டல் எக்லிப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இதை உருவாக்கியது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நிண்டெண்டோ ஸ்விட்ச், விண்டோஸ் கணினி ஆகியவற்றில் இது வெளிவந்தது.

நாணயம் போட்டு ஆடும் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு விளையாட்டை இன்றைய தொலைக்காட்சியில் அப்படியே கொண்டுவர முடியுமா? கொண்டுவரும்போது எது மாறுகிறது, எது தப்பிப் பிழைக்கிறது? இத்தொகுப்பை முன்வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இருபரிமாணச் சண்டை விளையாட்டு என்றால் என்ன?

இரண்டு வீரர்கள் திரையில் பக்கவாட்டில் நின்று மோதுவார்கள். முன்னும் பின்னும் நகரலாம், குதிக்கலாம், குனியலாம். எதிராளியின் உயிர்க்கோடு தீரும்போதோ நேரம் முடியும்போதோ சுற்று முடியும். பெரும்பாலும் மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவரே வெற்றியாளர்.

விதிகள் எளியவை. கடினம் முழுவதும் தூரத்திலும் நேரத்திலும் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது எட்டும் தூரம், தொடங்க எடுக்கும் நேரம், முடிந்தபின் மீள எடுக்கும் நேரம் என மூன்று அளவுகள் உண்டு. வலிமையான உதை மெதுவாக வரும். தவறினால் எதிராளி திருப்பி அடிக்க இடம் கிடைக்கும். திரை விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பர். ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. நன்கு பயின்ற ஆட்டக்காரர்கள் இந்த அளவில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

தொகுப்பில் உள்ள விளையாட்டுகள்

முதல் விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987இல் வந்தது. அதை இயக்கியவர் தகாஷி நிஷியாமா. முதல் ஆட்டக்காரருக்கு ரியூ, இரண்டாமவருக்கு கென் என இரண்டு பாத்திரங்கள் மட்டுமே. அதன் ஒரு வகைப் பெட்டியில் கையால் ஓங்கிக் குத்த வேண்டிய இரண்டு பெரிய பட்டன்கள் இருந்தன. குத்தின் வேகத்தைப் பொறுத்துத் திரையில் விழும் அடியின் வலிமை மாறியது. பின்னர் மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்கள் கொண்ட அமைப்பு வந்தது. இத்தொடர் இன்றுவரை பின்பற்றுவது அந்த ஆறு பட்டன் முறையையே.

1991இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்த வகையையே மாற்றியது. ஆடுவதற்கு எட்டுப் பாத்திரங்கள், அவர்களுக்குப் பின் எதிர்கொள்ள நான்கு தலைவர்கள். ஒவ்வொருவரின் உடல்வாகும் ஆட்டமுறையும் வேறு. ரியூ தூரத்திலிருந்து நெருப்புப் பந்து எறிவான். ஸாங்கீஃப் அருகில் வந்து பிடித்து வீசுவான். கைல் சற்று நேரம் பின்னால் அழுத்திக் காத்திருந்தால்தான் சிறப்பு அடியைப் பயன்படுத்த முடியும். 1992இல் வந்த சூப்பர் நிண்டெண்டோ பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கேப்காம் குறிப்பிடுகிறது.

ஒன்றன்பின் ஒன்றாக அடிகளைத் தொடுக்கும் காம்போ முறை இதில்தான் பரவலானது. அது திட்டமிட்டுச் செய்யப்பட்டதன்று. காரை உடைக்கும் கூடுதல் கட்டத்தைச் சோதித்தபோது, ஓர் அடி முடியுமுன் அடுத்த அடியைச் சேர்க்க முடிவதைத் தயாரிப்பாளர் நோரிதாகா ஃபுனாமிசு கவனித்தார். சரியான நேரத்தில் அழுத்துவது கடினம் என்பதால் அது விளையாட்டிலேயே விட்டுவைக்கப்பட்டது. பின்னாளில் வந்த சண்டை விளையாட்டுகள் காம்போவை அடிப்படை விதியாகவே எடுத்துக்கொண்டன.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் ஐந்து பதிப்புகள் இத்தொகுப்பில் உள்ளன. 1992இல் வந்த சாம்பியன் எடிஷனில் நான்கு தலைவர்களையும் தேர்ந்தெடுக்கலாம். இருவரும் ஒரே பாத்திரத்தை எடுத்து மோதலாம். அதே ஆண்டில் வந்த ஹைப்பர் ஃபைட்டிங் ஆட்ட வேகத்தைக் கூட்டியது. அனுமதியின்றித் திருத்தப்பட்ட வேகமான பதிப்புகள் அப்போது ஆர்கேட்களில் பரவியிருந்தன. கேப்காம் அவற்றுக்குக் கொடுத்த பதில் இது. 1993இன் சூப்பர் பதிப்பு நான்கு புதிய பாத்திரங்களைச் சேர்த்தது. 1994இன் சூப்பர் டர்போ, சூப்பர் காம்போ என்னும் பேரடியையும் அகுமா என்னும் மறைவுப் பாத்திரத்தையும் கொண்டுவந்தது.

அடுத்தவை ஆல்ஃபா வரிசையின் மூன்று விளையாட்டுகள். 1995, 1996, 1998 ஆண்டுகளில் வந்த இவற்றின் ஓவியப் பாணி ஜப்பானிய அனிமேயை ஒத்தது. கடைசியாக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசை: 1997இல் இரண்டு, 1999இல் தேர்ட் ஸ்டிரைக். எதிராளியின் அடி தொடும் நொடியில் ஜாய்ஸ்டிக்கை முன்னோக்கித் தட்டினால் சேதமின்றி அதைத் தட்டிவிடலாம். பாரி எனப்படும் இந்த உத்தி இவ்வரிசையின் அடையாளம்.

பாரியின் பெருமையை உலகுக்குக் காட்டியது 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டி. ஜஸ்டின் வாங் சுன்-லீயின் பேரடியைத் தொடுத்தார். டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர்க்கோடு இம்மியளவே மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலும் கசியும் சிறு சேதத்தில் தோற்றுவிடுவார். அவர் 15 அடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, உடனே திருப்பி அடித்து அந்த ஆட்டத்தை வென்றார். அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் பார்க்கப்படுகிறது.

தல்சிம் என்னும் இந்தியப் பாத்திரம்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் எட்டுப் பேரில் ஒருவர் இந்தியரான தல்சிம். யோகப் பயிற்சியால் கைகால்களை நீட்டி அடிப்பார், வாயிலிருந்து நெருப்பு உமிழ்வார். அவரது களத்தில் யானைகள் நிற்கின்றன; பின்னால் பிள்ளையார் உருவம் தெரியும். கழுத்தில் மண்டையோட்டு மாலை. அவை நோயில் இறந்த குழந்தைகளுடையவை என்கிறது கதை.

இந்தியாவைப் பற்றி அயல்நாட்டுத் திரைப்படங்களில் புழங்கிய கற்பனைகளைச் சேர்த்துக் கட்டிய உருவம் இது என்பதை இந்திய வாசகர் எளிதில் உணர்வார். கைகள் நீளும் இந்திய யோகி ஒருவர் 1976ஆம் ஆண்டின் மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின் படத்திலேயே வருகிறார். அதே வேளையில் விளையாட்டு வடிவமைப்பாக நோக்கினால் தல்சிம் ஒரு முக்கியமான சோதனை. எல்லோரும் எதிராளியை நெருங்க முயலும்போது, தூரத்தையே ஆயுதமாக்கும் பாத்திரம் இவர். தொகுப்பு இந்த உருவத்தைத் திருத்தாமல் அப்படியே தருகிறது. பழையதைப் பாதுகாப்பது என்றால் அதன் குறைகளையும் சேர்த்தே பாதுகாப்பதுதான்.

பழைய பெட்டி புதிய திரையில் எப்படி ஓடுகிறது?

இத்தொகுப்பு விளையாட்டுகளைப் புதிதாக எழுதவில்லை. பழைய ஆர்கேட் வன்பொருளைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்னும் மென்பொருளில் மூல நிரலையே ஓட்டுகிறது. அதனால் பாத்திரங்களின் அசைவு, சேதம், பிழைகள்கூட மூலத்தில் இருந்தவாறே வருகின்றன. ஆனால் பெட்டிக்கும் இன்றைய கருவிக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, படம். இவ்விளையாட்டுகளில் பெரும்பாலானவை 384 × 224 பிக்சல் அளவில் வரையப்பட்டவை. இதை 4:3 விகிதமுள்ள பழைய படக்குழாய்த் திரை சற்றே நெருக்கிக் காட்டும். அந்த நெருக்கத்தை எண்ணியே ஓவியர்கள் வரைந்தார்கள். பிக்சல்களைச் சதுரமாகக் காட்டினால் எல்லாரும் பருத்துத் தெரிவார்கள். மேலும், 224 வரிகளை 1080 வரித் திரையில் முழுமையாக நிரப்பினால் ஒரு வரிக்கு 4.82 வரிகள் வரும். முழு எண் அல்லாததால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போகும். இதற்காகவே தொகுப்பில் வெவ்வேறு திரை அளவுகளும், பழைய திரையின் கோடுகளைப் போலிசெய்யும் வடிகட்டிகளும் உள்ளன.

இரண்டாவது, தாமதம். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அடி தெரிவதற்கும் இடையிலான நேரம் இது. கையில் உள்ள கருவி, எமுலேட்டர், தொலைக்காட்சி என ஒவ்வொன்றும் சிறிது நேரத்தைச் சேர்க்கின்றன. மூன்று ஃபிரேம் கூடினாலும் 50 மில்லி விநாடி. பாரி போன்ற உத்தியில் அந்த அளவே வெற்றி தோல்வியை மாற்றிவிடும். தொலைக்காட்சியில் கேம் மோட் என்னும் அமைப்பு இருந்தால் அதை இயக்குவது நல்லது.

மூன்றாவது, எதிராளி. ஆர்கேட்டில் அவர் பக்கத்தில் நிற்பார்; இன்று அவர் வேறு நாட்டில் இருக்கலாம். பழைய முறையில் இரண்டு கருவிகளும் ஒன்றன் உள்ளீட்டுக்காக மற்றொன்று காத்திருந்ததால் ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் இழுத்தது. ரோல்பேக் என்னும் முறை காத்திருப்பதில்லை. எதிராளி சற்றுமுன் செய்ததையே தொடர்வார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது. ஊகம் தவறினால் சில ஃபிரேம்கள் பின்சென்று, சரியான உள்ளீட்டுடன் மீண்டும் கணக்கிட்டு நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. இதற்கான ஜி.ஜி.பி.ஓ. என்னும் மென்பொருளை ஈவோ போட்டியின் நிறுவனர்களில் ஒருவரான டோனி கேனன் 2006இல் வெளியிட்டார். ஹைப்பர் ஃபைட்டிங்கின் எக்ஸ்பாக்ஸ் 360 மறுவெளியீடு இணையத்தில் மோசமாக ஓடியதே அவரைத் தூண்டியது. இத்தொகுப்பில் ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ, ஆல்ஃபா 3, தேர்ட் ஸ்டிரைக் ஆகிய நான்கை மட்டுமே இணையவழி ஆட முடியும்.

விடுபட்டவை

தொகுப்பு ஆர்கேட் பதிப்புகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. வீட்டுக் கருவிகளுக்காகச் சேர்க்கப்பட்டவை இதில் இல்லை. எடுத்துக்காட்டாக, ஆல்ஃபா 3இன் பிளேஸ்டேஷன் பதிப்பில் கைல் உள்ளிட்ட கூடுதல் பாத்திரங்கள் உண்டு. இங்கே அவர்கள் இல்லை. மறுபுறம், மூல ஓவியங்கள், இசை, காலவரிசை, பாத்திரங்களின் அசைவுகளை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்க்கும் வசதி ஆகியவை கொண்ட ஓர் அருங்காட்சியகப் பகுதி இதில் உள்ளது. வரைகலை பயிலும் மாணவர்களுக்கு இப்பகுதி ஒரு பாடநூல் போலப் பயன்படும்.

இத்தகைய தொகுப்புகள் ஏன் தேவை?

சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதல் கேப்காம் பயன்படுத்திய சி.பி.எஸ்-2 பலகையில், மறையாக்கத்தின் திறவுகோல் ஒரு பேட்டரியின் துணையில் நினைவகத்தில் இருந்தது. நகல் எடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும், பலகை இயங்காது. அதாவது, மூலப் பெட்டியைக் கவனமாக வைத்திருந்தாலும் அது ஒருநாள் தானே நின்றுவிடும். 2001இல் ஆர்வலர்கள் அந்த மறையாக்கத்தை அவிழ்த்தபின்பே இவ்விளையாட்டுகள் கணினி எமுலேட்டர்களில் உயிர்பெற்றன.

இன்னொரு தடை உரிமம். மார்வெல் பாத்திரங்கள் இடம்பெற்ற மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டபின் ஏறத்தாழ பத்தாண்டுகள் புதிதாக வாங்கக் கிடைக்கவில்லை. 2024இல் வந்த வேறொரு தொகுப்பே அதை மீட்டது. 1996இல் ஆர்கேட்டில் வந்த ரெட் எர்த், 2022இன் கேப்காம் ஃபைட்டிங் தொகுப்பில்தான் முதன்முறையாக வீட்டுக் கருவிக்கு வந்தது. இடையே 26 ஆண்டுகள்.

இவை விதிவிலக்குகள் அல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விற்பனைக்கு வரும் தொகுப்புகள் புகழ்பெற்ற விளையாட்டுகளையே காக்கின்றன. புகழ் குறைந்தவற்றைக் காக்க நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் வேண்டும்.

புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

1987இன் விளையாட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. அதன் கட்டுப்பாடு இன்று முரடாகத் தோன்றும். சிறப்பு அடிகளை வரவழைப்பதே பெரும்பாடு. ஹைப்பர் ஃபைட்டிங்கில் ரியூவை எடுத்துத் தொடங்குவது நல்லது. கீழ், கீழ்-முன், முன் என ஜாய்ஸ்டிக்கை உருட்டிக் குத்து பட்டனை அழுத்தினால் நெருப்புப் பந்து வரும். எதிராளி அதைத் தாண்டிக் குதிப்பார்; அப்போது மேல்நோக்கிய குத்தால் அவரை வீழ்த்தலாம். பந்தால் குதிக்க வைத்து, குதித்தவரை அடிப்பது என்னும் இந்த ஒரு பாடம் கைவந்தால் மற்ற விளையாட்டுகளின் அடித்தளம் புரிந்துவிடும்.

அடுத்து ஆல்ஃபா 3, அதன்பின் தேர்ட் ஸ்டிரைக். பின்னர் முதல் விளையாட்டுக்குத் திரும்பினால், பன்னிரண்டு ஆண்டுகளில் வடிவமைப்பாளர்கள் எவற்றைக் கைவிட்டார்கள், எவற்றைத் தொடர்ந்தார்கள் என்பது கையாலேயே தெரியவரும். கூடவே ஒரு நண்பரை அமர்த்திக்கொள்வது நல்லது. இவை பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார் என்று எண்ணிச் செய்யப்பட்ட விளையாட்டுகள்.