உப்புக்காற்றில் நிற்கும் விமானம்

நொச்சிக்குப்பத்து லூப் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் போனால், கரையேறிய ஃபைபர் போட்டின் இன்ஜினைக் கழற்றி ஒரு நீல டிரம்முக்குள் இறக்கி ஓடவிடுவதைப் பார்க்கலாம். டிரம்மில் இருப்பது நல்ல தண்ணி. தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் இடத்தில் இன்ஜினுக்கு ஒரு டிரம் என்பது சின்னச் செலவல்ல. "உப்பு உள்ள தங்குச்சுன்னா எடைக்குத்தாண்ணா போடணும்" என்றார் சொந்தக்காரர்.

2024 அக்டோபர் 6 அன்று இதே கரைக்கு மேலேதான் விமானப்படை வித்தை காட்டியது. மெரினா கொள்ளாத கூட்டம். வெயிலும் நெரிசலும் சிலர் உயிரையே குடித்தன. பறக்கிற விமானத்துக்கு அத்தனை பேர். பறந்து முடித்த ஒன்று சில கிலோமீட்டர் தள்ளி, கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் திறந்தவெளியில் நிற்கிறது. பெயர் மருத். 'மாருதம்' என்று நாம் காற்றைச் சொல்கிறோமே, அதன் உறவுக்காரச் சொல்தான்.

மருத், இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்த கூர்ட் டாங்க், 1956இல் தன் குழுவோடு பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கு வந்து வரைந்தது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலில் மேலே எடுத்துச் சென்றார். மொத்தம் 147 விமானங்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பறந்தது, 1990இல் ஓய்வு பெற்றது.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். இறக்கை ஒட்டும் இடத்தில் உடல் சற்றே ஒடுங்கியிருக்கும், உடுக்கையின் இடுப்பு போல. அழகுக்காகச் செய்ததல்ல. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று விலக நேரமில்லாமல் முன்னால் குவியும். விமானத்தின் குறுக்குவெட்டு எங்காவது திடீரென்று பருத்தால் அந்த எதிர்ப்பு எகிறும். இறக்கை அங்கே பருமனைக் கூட்டுகிறது; அதைச் சரிக்கட்ட உடலைக் குறைக்கிறார்கள்.

இத்தனை நேர்த்தியான உடலுக்கு ஏற்ற இன்ஜின்தான் கடைசிவரை வாய்க்கவில்லை. திட்டமிட்ட வேகம் ஒலியைப் போல இரு மடங்கு. அதற்காக எதிர்பார்த்த பிரிட்டிஷ் இன்ஜின் பாதியில் கைவிடப்பட்டது. எகிப்தோடு சேர்ந்து வேறொன்றைச் சோதித்தார்கள், அதுவும் கரை சேரவில்லை. நாட் என்ற சின்னஞ்சிறு விமானத்தை ஓட்டிய ஆர்ஃபியஸ் வகையில் இரண்டை மாட்டிக்கொண்டு, ஒலி வேகத்தை ஒட்டியே மருத் காலம் தள்ளியது. பெரிய போட்டுக்குச் சின்ன இன்ஜின் மாட்டினால் என்ன ஆகும் என்று குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிற்கும் விமானத்துக்கு எதிரி வேறு. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். அதனால்தான் இரும்பு போலத் துருப்பிடிப்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை ஊசிமுனை அளவுக்குத் துளைத்துவிடும். உறுதிக்காகச் செம்பு கலந்த விமானக் கலவையில் இது இன்னும் சுலபம். எஃகுத் திருகாணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, கரைவது அலுமினியம். பெயின்டுக்கு அடியில் வெள்ளை மாவு போலப் பூத்துக் கொப்பளிக்கும். மழைத் தண்ணீர் வயிற்றில் தேங்கும், வடிகால் துளையை இலை அடைக்கும். காற்று உள்ளே போகும் வழியில் புறா முட்டையிடும். வெயிலில் டயர் வெடிக்கும். பறக்கிற காலத்தில் இதற்கெல்லாம் தினமும் ஆள் இருந்தது.

இங்கிலாந்தின் நியூவார்க் விமான அருங்காட்சியகம் இந்தக் கவலையிலிருந்தே வளர்ந்தது எனலாம். 1960களில் பழைய விமானங்கள் பழைய இரும்புக்குப் போவதைப் பொறுக்காத சில ஆர்வலர்கள் சேர்ந்தார்கள். 1973இல் ஒரு பழைய விமானத்தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பத்து வருடம் கழித்து வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்று தானே பறந்து வந்து அங்கே இறங்கியது. இறக்கை 34 மீட்டர். கொட்டகைக்குள் அடங்காது, வெளியேதான் நிற்கிறது. அதைச் சுரண்டி, பூசி, தண்ணீர் வடித்துவிடுவது சம்பளமில்லாமல் வருகிறவர்கள். அருங்காட்சியகம் என்றதும் நமக்கு ரிப்பனும் கல்வெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கென்னவோ நாலு ரிடையர்டு ஃபிட்டர்களும் ஒரு ஹோஸ் பைப்பும் போதும் என்று படுகிறது.

அப்படி நிற்கிற விமானம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950களில், பாடம் காட்ட இரண்டு பழைய விமானங்களை வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் ஒரு ராமேஸ்வரத்துப் பையன் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அப்துல் கலாம் இதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார்.

போட்காரரிடம் போனில் மருத்தின் படத்தைக் காட்டினேன். இடுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் அது ஏறவில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, வயிற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வடிய அடியில ஓட்டை எங்க வெச்சிருக்காங்க?"