ஜூரோங் ஜப்பானியத் தோட்டம்: 14 வருஷம் கழித்து உள்ளே போன சித்தப்பா!

ஜப்பானில் பங்குனி, சித்திரை மாதங்களில் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும். அவ்வளவு தூரம் போக எங்கள் வீட்டு பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. ஆனால், திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே ஜூரோங்கில் சித்தப்பா வெல்டிங் வேலை பார்க்கிறார். ஜூன் மாதம் வேலையை முடித்துக்கொண்டு ஆலங்குடிக்கே திரும்பிவிடப் போகிறார். அதற்குள் ஒரு தடவை மகன் இருக்கும் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பத்தா பிடித்த பிடியில், போன பங்குனியில் நானும் கிளம்பினேன்.

மெட்ரோ ஸ்டேஷனின் பெயரே ‘சீனத் தோட்டம்’. தமிழிலும் எழுதியிருந்ததால் அப்பத்தா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். சீனத் தோட்டத்தைத் தாண்டி, பாலத்தைக் கடந்தால் ஜப்பானியத் தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஜூரோங் ஆற்றைத் தடுத்து உருவாக்கிய ஏரியில் அமைந்திருக்கிறது இந்தத் தோட்டம். வடிவமைத்தவர் கின்சாகு நாகானே. ஜப்பானில் அடாச்சி அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற தோட்டமும் இவர் கைவண்ணம்தான். 1973-ல் திறந்தார்கள். சில வருடங்கள் மூடி, புதுப்பித்து, 2024 செப்டம்பரில் மறுபடியும் திறந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வசந்த காலமெல்லாம் இல்லை. வருஷம் முழுக்கப் புழுக்கம்தான். செர்ரிப் பூவைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் கல்லும் தண்ணீரும் இருக்கின்றன. ஜப்பானியத் தோட்டக்கலையில் பூவைவிடக் கல்லுக்குத்தான் மரியாதை அதிகம். பாறையைப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைக்கிறார்கள், அங்கேயே முளைத்தது மாதிரி. பாதையும் நேராகப் போகாது. வளைந்து வளைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காட்சியை மறைத்து, அடுத்ததைக் காட்டும். கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் 15 கற்கள் இருக்கின்றன. உட்கார்ந்து பார்க்கும் திண்ணையில் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும்!

அல்லிக் குளத்தருகே அப்பத்தா நின்றுவிட்டார். “நம்ம சித்தன்னவாசல் மாதிரியே இருக்கு” என்றார். உண்மைதான். அங்கே குகைக் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவிகள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வரைந்து வைத்திருக்கிறார்களே. நான் போட்டோ எடுப்பதற்குள் கரையில் ஓர் உடும்பு ஏற, “யாத்தே!” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா மட்டும் பேசாமல் வந்தார். அப்பத்தா கேட்டுவிட்டார்.

“இம்புட்டுப் பக்கத்துல இருந்தும் ஒருநாள்கூட வந்ததில்லையாடா?”

“கிடைக்கிறது ஒருநாள் லீவு ஆத்தா. துணி துவைச்சு, சமைச்சு, தேக்கா போயி வீட்டுக்குப் பணம் அனுப்பவே சரியாப் போயிரும். இது டூரிஸ்ட்டுங்க வர்ற இடம்னு நினைச்சிருந்தேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக மாற்றிய காலத்தில், அங்கே வசிப்பவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் இளைப்பாற இடம் வேண்டும் என்றுதான் ஜூரோங் டவுன் கார்ப்பரேஷன் இதை உருவாக்கியது. யாருக்காகக் கட்டினார்களோ, அவர்களில் ஒருவர் பத்து நிமிஷ பஸ் தூரத்தில் 14 வருஷம் இருந்துவிட்டு, ஊர் திரும்பும்போதுதான் உள்ளே வருகிறார்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. பெரியவர்களோடு போனால் குடை அவசியம். நடக்கிற தூரமும் கொஞ்சம் அதிகம்தான்.

நாங்கள் கிளம்பலாம் என்றபோது சித்தப்பா எழுந்திருக்கவில்லை. கல் விளக்குக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அறை நண்பருக்கு போன் போட்டார்.

“மாப்ள, அடுத்த ஞாயித்துக்கிழமை துணியெல்லாம் அப்புறம் துவைச்சுக்கலாம். காலைல கிளம்பி வா. ஸ்டேஷன் பேரு சீனத் தோட்டம். டிக்கெட்டெல்லாம் இல்லடா!”