கடைசி அடிக்கு முன் நடந்தது என்ன?



பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் தமது ஒன்பது வயது மகனை எங்களிடம் அழைத்து வந்தார். "பள்ளிக்கூடத்துல எல்லாரையும் அடிக்கிறானாம் டாக்டரம்மா. இனிமே அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாக" என்று கண்ணீர் விட்டார். சிறுவனுக்கு அறிவு வளர்ச்சியில் தாமதம் உண்டு, பேச்சும் தெளிவில்லை. பொறுமையாக விசாரித்த பிறகே காரியம் விளங்கியது. மதியச் சாப்பாட்டு வரிசையில் சில பையன்கள் தினந்தோறும் அவன் தட்டைப் பிடுங்கிப் பட்டப்பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வாயால் பதில் சொல்ல முடியாதவன் கையை ஓங்கினான். ஆசிரியர் கண்ணில் பட்டது அந்தக் கடைசி அடி மட்டுமே.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் சண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் மறைந்திருக்கிறது. காது மந்தமான பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. மற்றவர்கள் அதைத் திமிர் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கூச்சலும் நெருக்கடியும் தாங்காது. யாராவது இடித்தால் தள்ளிவிடுவார்கள்.

சண்டை வேறு, கொடுமை வேறு. சமபலமுள்ள இருவர் மோதினால் அது சண்டை. கைகுலுக்கச் சொல்லிச் சமாதானம் செய்யலாம். பலமுள்ளவர் பலமற்றவரை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வருத்தினால் அது கொடுமை. அங்கே இருவரையும் கைகுலுக்க வைப்பது பாதிக்கப்பட்ட பிள்ளையை மறுபடியும் தண்டிப்பதாகும். நார்வே நாட்டு உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். 1983-இல் அவர் அந்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய தடுப்புத் திட்டத்தில், இடைவேளைகளில் பெரியவர்களின் கண்காணிப்பு முக்கிய இடம் பெற்றது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நாங்கள் சொல்லும் யோசனைகள் எளியவை:

1. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நேரம், எந்த இடம், அருகில் யார், அடிக்கு முன் நடந்தது என்ன?

2. சாப்பாட்டு வரிசை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

3. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் துணைக்குச் சேருங்கள். ஆபத்தைச் சொல்வது கோள் சொல்வது ஆகாது என்று கற்பியுங்கள்.

4. அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி வேண்டும்: "நிறுத்து" என்ற ஒரு சொல், அல்லது ஒரு கைச்சைகை, ஒதுங்கிப் போக ஓர் அமைதியான இடம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதையும் மனவேதனைப்படுத்துவதையும் தடை செய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, எல்லாரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையை வலியுறுத்துகிறது. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அவசர உதவிக்கு 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

ஆனால் கேலிச் சொல்லைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்கிறார்கள். 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் பேசவந்த ஒருவர், உடற்குறைகளுக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற பொருளில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். பேசியவர் பின்னர் கைது செய்யப்பட்டார். நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். பிறவிக்குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்பதே ஆண்டவரின் பதிலாயிருந்தது (யோவான் 9). ஆயினும் அந்தத் தாயாரிடம் அதே கேள்வியைக் கேட்டவர்களில் சபையாரும் இருந்தார்கள்.

நாங்கள் பள்ளிக்குக் கடிதம் எழுதி, நேரிலும் சென்று பேசினோம். இப்போது அந்தச் சிறுவன் இரண்டு தோழர்களோடு வரிசையின் முன்னால் நிற்கிறான். சில நாட்கள் இன்னும் கடினமானவையே. ஆனாலும் அவன் பள்ளிக்குப் போகிறான். உங்கள் ஞாயிறு பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளை ஓரத்தில் நிற்கலாம். இந்த வாரம் அதன் அருகில் சென்று அமருங்கள்.