கடைசிப் பத்து மீட்டர்: ஒளியிழை வந்தும் இணையம் மந்தமாவது ஏன்?

கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2011இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத் நெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டத்தின்கீழ் இணைப்பு பெற்ற நாட்டின் முதல் மாவட்டம் என்ற சிறப்பு, 2015 ஜனவரியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திற்குக் கிட்டியது. மலையும் பள்ளத்தாக்கும் ஏலத்தோட்டமுமாக விரிந்துகிடக்கும் ஒரு மாவட்டம் சமவெளிகளை முந்திக்கொண்டது வியப்பிற்குரியதே. 2023 ஜூன் 5ஆம் நாள் மாநில அரசின் கே-ஃபோன் வலையமைப்பும் தொடங்கிவைக்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்களின் வழியே இழைகளைக் கொண்டு சென்று அலுவலகங்களையும் பள்ளிகளையும் வறிய குடும்பங்களையும் இணைப்பது அதன் நோக்கம்.

இம்மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே வண்டன்மேட்டை அடுத்துள்ள ஊர் ஆனைக்கரை. (பாலக்காடு மாவட்டத்தில் இதே பெயருடைய வேறோர் ஊரும் உண்டு.) கிழக்கே மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு, ஆதலால் இப்பகுதியில் மலையாளத்தோடு தமிழும் இயல்பாக வழங்குகிறது. அருகிலுள்ள புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. அன்றைய விலையைக் கைப்பேசியில் பார்த்தறியும் விவசாயிக்கும், பாடங்களை இணையத்தில் பயிலும் அவர் மகளுக்கும் இணையம் இன்று ஆடம்பரமன்று. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளதும் இங்கே கருதத்தக்கது.

இத்தகைய ஊர்களில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்றுண்டு. பழைய தாமிரக் கம்பியை அகற்றி ஒளியிழை இணைப்பு பெற்றாயிற்று. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்குக் கட்டணமும் செலுத்தப்படுகிறது. ஆயினும் உள்ளறையில் இருக்கும் கைப்பேசியில் 20 மெகாபிட்டுக்கு மேல் கிடைப்பதில்லை. குறை இணைப்பு நிறுவனத்தின் மீது சுமத்தப்படுகிறது. ஊழியர் வந்து கம்பியைச் சோதித்து, 'எல்லாம் சரியாக உள்ளது' என்று கூறிச் செல்கிறார். இருவர் கூறுவதும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள விந்தை.

தேக்கடி ஏரியில் நீர் எவ்வளவு நிறைந்திருப்பினும், கம்பம் பள்ளத்தாக்கிற்கு வரும் நீரின் அளவை மலையைக் குடைந்து செல்லும் சுரங்கத்தின் கொள்ளளவே தீர்மானிக்கிறது. இணையமும் அவ்வாறே. ஒளியிழையில் வரும் தகவல், வீட்டுச் சுவரிலுள்ள முனையக் கருவியில் மின்குறியாக மாறி, ரூட்டருக்குச் சென்று, அங்கிருந்து வானொலி அலையாகக் கைப்பேசியை அடைகிறது. இவற்றுள் எது மிக மெதுவானதோ அதன் வேகமே முழுப் பாதையின் வேகம். பல வீடுகளில் இணைப்பு புதியது, ரூட்டரோ தாமிரக் கம்பிக் காலத்தில் வாங்கியது. கெடாத பொருளை மாற்றுவானேன் என்ற சிக்கன மனப்பான்மை இயல்பானதே.

பழைய கருவியின் வரம்புகள்

கம்பியில்லா இணைப்பிற்கான தரங்கள் படிப்படியாக வளர்ந்தவை. 1999இல் வந்த 'பி' தரத்தின் உச்ச வேகம் 11 மெகாபிட். 2003இல் வந்த 'ஜி' தரத்திற்கு 54. 2009இல் 'என்' தரமும், 2013இல் 'ஏசி' தரமும் வந்தன. ஆயின் பெட்டியின் மீது அச்சிடப்படும் எண் ஆய்வுக்கூட எண் என்பதை மறத்தலாகாது. 'ஜி' தர ரூட்டர் ஒன்று நடைமுறையில் 20 முதல் 25 மெகாபிட் தந்தால் அதுவே நிறைவு. ஒற்றை அலைவாங்கியுள்ள 'என்' தரக் கருவி, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் 72 மெகாபிட் என்று காட்டினும், கைக்கு வருவது 40, 50 அளவில் நின்றுவிடும். மலிவான பழைய ரூட்டர்களின் கம்பி வாயில்களும் 100 மெகாபிட் வரம்புடையவை. அவற்றின் பின்னால் 300 மெகாபிட் இணைப்பு பெறுவது, மாட்டுவண்டிப் பாதையின் முடிவில் ஆறுவழிச் சாலை அமைப்பதற்கு ஒப்பாகும்.

இதனினும் நுட்பமான காரணம் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வானொலித் தடம் அங்காடிக்கு ஒன்றே போன்ற பொதுச் சொத்து. ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச இயலும். பழைய முறைகளில் முறை வைத்துப் பகிரப்படுவது தகவல் பொட்டலங்களே அன்றிக் காலமன்று. 54 மெகாபிட் வேகத்தில் இணைந்த இரு கைப்பேசிகள் தடத்தைப் பகிர்ந்தால், இடைச்செலவுகளை நீக்கிப் பார்க்கையில், ஒவ்வொன்றுக்கும் 27 கிடைக்கும். அவற்றுள் ஒன்று தொலைவிலுள்ள அறைக்குச் சென்று 6 மெகாபிட் வேகத்திற்கு இறங்கிவிட்டது எனக் கொள்வோம். அதே அளவுள்ள பொட்டலத்தை அனுப்ப அது ஒன்பது மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். கணக்கிட்டால் இரண்டுக்கும் கிடைப்பது 5.4 மெகாபிட் மட்டுமே. ரூட்டரின் அருகிலேயே அமர்ந்திருப்பவர், தம்மீது எக்குற்றமும் இன்றியே, ஐந்தில் ஒரு பங்கு வேகத்திற்குத் தள்ளப்படுகிறார். மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று வீடு முழுவதையும் மெதுவாக்கக்கூடும் என்பதன் பொருள் இதுவே. பிற்காலக் கருவிகள் பலவற்றில் நேரத்தையே சமமாகப் பகிரும் ஏற்பாடு உண்டு.

பாதுகாப்பு அமைப்பும் ஒரு தடையாவதுண்டு. கடவுச்சொல் மறையாக்கத்திற்கு 'டி.கே.ஐ.பி.' என்னும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், 'என்' தர ரூட்டரும் 54 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது. தரவிதியே அதைத் தடுக்கிறது. 'ஏ.இ.எஸ்.' முறைக்கு மாற்றினால் செலவின்றியே வேகம் கூடும். அமைப்புப் பக்கத்தில் ஒரு நிமிட வேலை; ஆயினும் இதனை வாடிக்கையாளருக்கு எடுத்துக்கூறுவோர் அரியர்.

அலைவரிசையின் வரலாறும் இதில் சேர்ந்துள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை இந்தியாவில் 2005இல் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை பரந்த அளவில் திறந்துவிடப்பட்டது 2018இல்தான். எனவே பழைய வீட்டுக் கருவிகளுள் மிகப் பல முதற் பட்டையை மட்டுமே அறிந்தவை. அப்பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. நகரத்து அடுக்குமாடிகளில் அண்டை வீட்டாரின் ரூட்டர்களே முதற் பகை. ஆனைக்கரை போன்ற இடங்களில் வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் அத்தொல்லை குறைவு. அங்கே தடையாவன கருங்கற் சுவரும் கான்கிரீட்டும் தகரக் கூரையுமே. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வீட்டிலிருந்து சற்று விலகியிருந்தால் அலை அங்கே எட்டுவது ஐயமே. இத்தகைய வீடுகளுக்குப் புதிய 5 கிகாஹெர்ட்ஸ் கருவி வாங்குவோர் ஏமாற நேரிடலாம். உயர்ந்த அலைவரிசை சுவர்களில் விரைவில் தேய்ந்துவிடும். ஸ்டோர் வரை ஒரு கம்பி இழுப்பதே அங்கு மேலான வழி.

வாங்குமுன் அளத்தல்

பழுது எங்குள்ளது என அறிய எளிய வழி உண்டு. மடிக்கணினி ஒன்றை முனையக் கருவியுடன் கம்பியால் நேரே இணைத்து அளத்தல் வேண்டும். பின்னர் ரூட்டருடன் கம்பியால் இணைத்தும், அதன்பின் அருகிலிருந்து கம்பியின்றியும், இறுதியில் உள்ளறையிலிருந்தும் அளக்கலாம். எந்தப் படியில் எண் சரிகிறதோ அங்கேதான் குறை. முதற் படியிலேயே குறைவாயின் முறையீடு நிறுவனத்திற்குரியது. மெகாபிட், மெகாபைட் என்னும் அலகுகளையும் குழப்பிக்கொள்ளலாகாது: எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் கோப்பு ஒன்று விநாடிக்கு 5 மெகாபைட் வீதம் இறங்குவது குறையன்று.

எல்லாரும் ரூட்டரை மாற்றவேண்டும் என்பதும் தவறான அறிவுரை. கே-ஃபோன் தொடங்கியபோது அதன் அடிப்படைத் திட்டத்தின் வேகம் 20 மெகாபிட், மாதக் கட்டணம் 299 ரூபாய். இவ்வளவு வேகத்தை நல்ல நிலையிலுள்ள 'என்' தர ரூட்டர் எளிதில் தாங்கும். வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைத்தாலே போதும். பல மாத இணையக் கட்டணத்திற்கு ஈடான தொகையைப் புதிய பெட்டிக்குச் செலவிடுவது அக்குடும்பத்திற்கு நட்டமே. கருவியின் பாதுகாப்பு மென்பொருளைத் தயாரிப்பாளர் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால் நிலை வேறு. அப்போது மாற்றுவதற்குக் காரணம் வேகம் அன்று, காப்பு.

நிர்வாகத்தின் பார்வையிலும் ஓர் இடைவெளி உள்ளது. அகன்ற அலைவரிசை என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 2004இல் விநாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்தது. 2023இல் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ஆயின் இத்தகைய வரையறைகள் எல்லாம் இணைப்பைப் பற்றியவை. அவை வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. பொதுப்பணம் கொண்டு போடப்பட்ட இழையின் பயன், படிக்கும் மாணவியின் மேசையை எட்டியதா என்பது எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இணைப்பு தரும் நாளில் ஊழியர் முனையக் கருவியில் மட்டுமன்றி, வீட்டார் அதிகம் பயன்படுத்தும் அறையிலும் ஒருமுறை அளந்து, இரு எண்களையும் ரசீதில் குறித்துக் கொடுப்பாராயின், பின்னெழும் முறையீடுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேலைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.