சுகாவுக்குக் கிடைத்த ஆறடி மண்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் புரோக்கன்ஹர்ஸ்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித நிக்கோலஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், முதல் உலகப் போரில் இறந்த நியூசிலாந்து வீரர்கள் 90-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். அதே தோட்டத்தில் இந்தியத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் கல்லறையும் இருக்கிறது. அவர் பெயர் சுகா. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரைச் சேர்ந்தவர். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்.

1914-ல் போர் மூண்டதும் ஆங்கிலேய அரசு இந்தியப் படைகளைப் பிரான்சுக்கு அனுப்பியது. துப்பாக்கி ஏந்திய வீரர்களோடு சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் எனப் பலரும் கடல் கடந்தனர். காயம்பட்ட இந்திய வீரர்களுக்காக புரோக்கன்ஹர்ஸ்டில் லேடி ஹார்டிங் மருத்துவமனை திறக்கப்பட்டது. சுகா அங்கே வேலை செய்தார். 1915 ஜனவரி 12-ல் இறந்தபோது அவருக்கு வயது 30.

இறந்த இந்து வீரர்களைத் தகனம் செய்யத் தனி இடம் இருந்தது. ஆனால், தீண்டத்தகாதவர் என்று சொல்லி சுகாவை அங்கே எரிக்கச் சாதி இந்துக்கள் மறுத்தனர். முஸ்லிம் வீரர்கள் வோக்கிங் நகரில் அடக்கம் செய்யப்பட்டனர். சுகா முஸ்லிம் அல்லர் என்பதால் அங்கும் இடமில்லை. சுகாவோடு சாதியும் கப்பலேறி வந்திருந்தது.

கடைசியில் அவ்வூர்ப் பாதிரியார்தான், இந்த நாட்டுக்காக உயிர்விட்டவர் என்று கூறித் தேவாலயத் தோட்டத்தில் இடம் தந்தார். ஊர் மக்கள் செலவு செய்து கல் நட்டனர். சுகாவின் பெயர், ஊர், வயது எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் கிறித்தவர் அல்லர் என்பதையும், பிறருக்காக உயிர் ஈந்தவர் என்பதையும் அந்தக் கல் சொல்கிறது.

இதைக் கொண்டு ஆங்கிலப் பேரரசு எல்லோரையும் சமமாக நடத்தியது என்று எண்ணிவிட முடியாது. இராக்கில் எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர்.

சுகா இறந்து நூறு ஆண்டுகள் கடந்தும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, நிலத்தின் வழியே செல்லத் தடை இருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது.

மாணவர்கள் தங்கள் ஊரில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் சுடுகாடு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பாதை இருக்கிறதா?